பள்ளியில் உணவு இருக்க, வீட்டுக்கு அரிசி எதற்கு?

அன்னதானக் கூடத்தில் இலை போடும் வேளையிலும், நன்கொடைச் சீட்டு எழுதும் மேசையருகிலும் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசாங்கமே சாப்பாடு கொடுக்கிறது. அப்படியிருக்க, மாதாமாதம் அவர்கள் வீட்டுக்கும் அரிசி மூட்டை சுமப்பது எதற்கு? ஒரே பிள்ளைக்கு இரண்டு இடத்தில் சோறு போடுகிறோமா?" கேட்பவர்கள் குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. தாங்கள் கொடுக்கும் பணம் உரிய இடத்தில் சேர வேண்டும் என்ற அக்கறையோடு கேட்கிறார்கள். கிள்ளான் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் சேர்க்கும் சிறு குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருபவன் என்ற முறையில், அக்கேள்விக்கு இம்மலரில் சற்று விரிவாகவே விடை எழுத முற்படுகிறேன்.

முதலில் அந்தப் பள்ளி உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எம்.டி. என்று நாம் எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் துணை உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொடக்கப்பள்ளிகளில் பயிலும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளி நாள்களில் ஒருவேளை உணவு வழங்குவதே அதன் ஏற்பாடு. 2022ஆம் ஆண்டில் இத்திட்டத்திற்கான தொகை உயர்த்தப்பட்டது. தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்தது 3 வெள்ளி 50 காசாயிற்று. சபா, சரவாக்கில் 3 வெள்ளியாக இருந்தது 4 வெள்ளியாயிற்று. நான் போய்வரும் பள்ளிகளில் சோறும் கறியும், ஒருநாள் மீகூன், ஒருநாள் முட்டை, ஒரு துண்டுப் பழம் என்று கொடுக்கிறார்கள். அத்தொகைக்குள் அதைச் செய்து முடிக்கும் சிற்றுண்டிச்சாலை அம்மாக்களின் கைத்திறனை நாம் மெச்சத்தான் வேண்டும். இத்திட்டத்தைக் குறைகூற என்னிடம் ஒன்றுமில்லை. இது இல்லாதிருந்தால் நம் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஓராண்டில் பள்ளி நடப்பது ஏறத்தாழ 190 நாள்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை, தவணை விடுமுறை, ஆண்டிறுதியின் நீண்ட விடுமுறை என்று மீதி 175 நாள்களுக்கு அந்த ஒருவேளை உணவும் கிடையாது. பள்ளி நடக்கும் நாளிலும் கிடைப்பது ஒருவேளைதான். மற்ற வேளைகளுக்கு வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அத்துடன், பள்ளிக்கு வரும் பிள்ளை ஒருவனுக்குத்தான் அந்தத் தட்டு. வீட்டில் இருக்கும் மூன்று வயதுத் தங்கைக்கு அது இல்லை. அவளுடைய வயதில்தான் உடம்பும் மூளையும் வேகமாக வளர்கின்றன. அந்த வயதில் குறைந்துபோனதைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட அண்ணனுக்கும் அது இல்லை. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறாம் ஆண்டு வரையில் காலையில் தட்டு நிறைய உணவு பெற்ற பையன், அடுத்த ஆண்டு புகுமுக வகுப்புக்கோ முதலாம் படிவத்துக்கோ போனதும், இன்னும் அதிகமாகப் பசிக்கும் பதின்மூன்று வயதில், அந்த உணவை இழந்து நிற்கிறான். பள்ளியும் தூரம், பேருந்துக் கட்டணமும் கூடுதல். ஓய்வு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் பையன்கள் எல்லாரும் புத்தகப் பிரியர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி ஒன்றில் பெயர்ப்பட்டியல் வாங்கப் போயிருந்தபோது சிற்றுண்டிச்சாலையில் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தி, தன் தட்டிலிருந்த மீகூனில் சரிபாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பையில் பதமாக வழித்துப் போட்டு முடிச்சிட்டாள். பழத்துண்டைத் தொடவேயில்லை, அதுவும் பைக்குள் போயிற்று. அருகிலிருந்த ஆசிரியை, "ஏம்மா, பிடிக்கலையா?" என்று கேட்டார். "தம்பிக்கு, டீச்சர்," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமோ துயரமோ இல்லை. நாள்தோறும் செய்கிற வேலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். உணவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. ஆசிரியை அந்த விதியை அன்று நினைவுபடுத்தவில்லை. மறுவாரம் அந்த வீட்டின் பெயர் எங்கள் பட்டியலில் ஏறியது.

பசியுள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் உணவு கொடுத்தால், அந்த உணவு எப்படியாவது அந்த வீட்டுக்குள் பங்காகிவிடும். இந்தச் சிறுமியைப் போல் பிள்ளையே சுமந்துபோகும். அல்லது தாய், "நீதான் பள்ளியில் சாப்பிட்டாயே" என்று சொல்லி, இருக்கும் இரவுச் சோற்றை மற்றவர்களுக்குப் பிரித்துப் போடுவாள். அந்தத் தாயைக் குற்றம் சொல்ல முடியுமா? நான்கு பிள்ளைகளையும் ஒரு பானையையும் வைத்துக்கொண்டு அவள் போடும் கணக்கு அது. ஆகவே பள்ளியில் கொடுக்கும் தட்டு முழுமையாக அந்தப் பிள்ளையின் உடம்பில் ஒட்ட வேண்டுமானால், வீட்டுப் பானையிலும் ஏதாவது இருக்க வேண்டும். அன்பர்கள் கேட்ட கேள்விக்கு என் சுருக்கமான விடை இதுதான்.

இது எங்கள் குழுவின் அனுபவம் மட்டுமன்று. ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமான யுனிசெஃப், கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் 17 இடங்களில் ஆய்வு நடத்தி, 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதிருந்தனர். 15 பேர் எடை குறைந்திருந்தனர். 23 பேர் உடல் பருத்திருந்தனர். நூற்றுக்கு 12 பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளைகூடச் சாப்பிடவில்லை. தலைநகரில், உயர்ந்த கோபுரங்களின் நிழலில் கண்ட நிலை இது. சாப்பிடாத வீட்டில் பிள்ளை எப்படிப் பருக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. வயிற்றை நிரப்பும் பொருள் வேறு, உடம்பை வளர்க்கும் பொருள் வேறு. ரொட்டியும், உடனடி மீயும், சீனித் தண்ணீரும் மலிவு. மீன், முட்டை, கீரை, பழம் ஆகியவை மலிவல்ல. கையில் மூன்று வெள்ளி உள்ள தாய் எதை வாங்குவாள் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூத்தவர்கள் இன்னொன்றையும் கேட்கிறார்கள். "நாங்கள் தோட்டத்தில் இதைவிட ஏழைகளாகத்தானே இருந்தோம். அப்போது யார் எங்களுக்குப் பொட்டலம் கொண்டுவந்தார்கள்?" நியாயமான கேள்விதான். நானும் கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன். சம்பளம் சொற்பம், கடைக்காரரிடம் எப்போதும் கடன். ஆயினும் லயத்து வீட்டின் பின்னால் முருங்கை நின்றது, கீரைப்பாத்தி இருந்தது, கோழி மேய்ந்தது, சிலர் மாடும் ஆடும் வைத்திருந்தார்கள். தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ஒரு வீட்டில் உலை வைக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, செம்பனையாயின, தாமான்களாயின. 1980, 1990ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. ஏழாவது மாடியில் முருங்கை வளருமா? கறிவேப்பிலைக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டிய இடத்தில், தோட்டத்துச் சம்பளத்தைவிடக் கூடுதலான சம்பளமும் போதாமல் போகிறது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது எதிர்வீட்டுக்கும் தெரியாது.

தெரியாத அந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எங்களுக்குத் துணை ஆசிரியர்கள்தாம். ஓய்வு மணி அடித்ததும் நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போகும் பிள்ளையை வகுப்பாசிரியருக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையைத் தெரியும். மாதக் கடைசியில் பள்ளிக்கு வராமல் போகும் பிள்ளையைத் தெரியும். அவர்கள் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடம் சொல்ல, அவர் பெற்றோரிடம் பக்குவமாகப் பேசி, அவர்கள் இசைந்த பிறகே பெயர் எங்களுக்கு வருகிறது. நாங்கள் இருவராகச் சென்று வீட்டைப் பார்ப்போம். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பார். இது எங்களுக்குக் கட்டாயம். முப்பது ஆண்டுகள் அஞ்சல்காரனாக இருந்தவன் ஆதலால், எந்தப் புளோக்கில் மின்தூக்கி ஓடும், எதில் ஓடாது என்பது எனக்கு மனப்பாடம். போன இடத்தில் அடுக்களையை எட்டிப் பார்த்து வேவு பார்ப்பதில்லை. பேச்சோடு பேச்சாக நான்கு செய்திகளைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் எத்தனை பேர்? சமைக்க அடுப்பும் எரிவாயுவும் உண்டா? குளிர்ப்பெட்டி வேலை செய்கிறதா? சம்பளம் எந்தத் தேதியில் வரும்?

கடைசிக் கேள்வி எதற்கென்று புதிதாக வரும் தொண்டர்கள் கேட்பார்கள். பொட்டலம் எந்த வாரத்தில் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் மாதக் கடைசியிலோ ஏழாம் தேதியிலோ சம்பளம் வரும். வாடகை, மின்சாரம், தண்ணீர், மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளி வேன் எல்லாம் போக, இரண்டாம் வாரத்தோடு கை வறண்டுவிடும். எனவே நாங்கள் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாம் சனிக்கிழமை என்றால் மூன்றாம் சனிக்கிழமைதான். மழையானாலும் தேர்தலானாலும் மாறாது. அந்த நாளில் அரிசி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், தாய் தன் கையிலுள்ள பத்து வெள்ளியை மீனுக்கோ பிள்ளையின் காலணிக்கோ துணிந்து செலவழிப்பாள். வருமோ வராதோ என்றால் அதை முடிந்து வைத்துக்கொள்வாள். நன்கொடையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. தீபாவளிக்கு முந்திய வாரம் எங்களுக்கு வந்து குவியும் பொருளை வைக்க இடமிருக்காது. பிப்ரவரியிலும் ஜூலையிலும் அலமாரி காலியாக இருக்கும். ஆண்டிறுதி விடுமுறையில் பள்ளி உணவும் இல்லாமல், அடுத்த ஆண்டுக்கான சீருடைச் செலவும் சேர்ந்து வருவதால், இரண்டு மடங்கு அரிசி வேண்டியிருக்கும். ஒருமுறை ஆயிரம் வெள்ளி கொடுப்பதைவிட, மாதாமாதம் ஐம்பது வெள்ளி கொடுப்பவரை நான் கூடுதலாக நம்பியிருக்கிறேன் என்று சொன்னால் பெரிய மனிதர்கள் வருத்தப்படக் கூடாது.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரிசி வேகிறது. ஆகவே 10 கிலோ அரிசி என்பது பத்து நாள் பிழைப்பு. மூன்றாம் வாரத்திலிருந்து மாதக் கடைசிவரை தாங்கும். அதோடு பருப்பு, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், உப்பு, கறித்தூள், வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்ந்த பயறு வகை, பால்மாவு. பட்டியலைப் படித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வாதம் நடந்திருக்கிறது.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை, டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு உச்ச விலை 10 கிலோ 26 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், எல்லாரும் அதையே தேட, பல கடைகளில் அது கண்ணில் படவில்லை. எங்கள் மொத்தக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மூட்டையை எட்டுக் கிலோவாகக் குறைக்கலாமா, குடும்பங்களைக் குறைக்கலாமா என்று குழுவில் இரவு பதினொரு மணிவரை பேச்சு. முடிவில் அரிசியைக் குறைக்காமல், சீனியையும் கோப்பித்தூளையும் எடுத்துவிட்டோம். அந்த இரண்டும் இன்றுவரை பட்டியலில் திரும்பவில்லை, கேட்டவர்களும் இல்லை. மானிய விலை எண்ணெய்ப் பொட்டலங்களை மொத்தமாக வாங்கினால் செலவு குறையுமே என்று ஓர் அன்பர் சொன்னார். நாங்கள் செய்யவில்லை. அது இக்குடும்பங்களே கடையில் வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்டது. அதை நாம் அள்ளிக்கொண்டு வந்தால், ஏழையின் பங்கை எடுத்து ஏழைக்கே தானம் கொடுத்தது போலாகும்.

அடுத்து இனிப்புப் பால் டின். நன்கொடையாக வரும் பொருள்களில் இதற்குத்தான் முதலிடம். தோட்டத்து நினைவில் பால் என்றாலே நமக்கு அந்த டின்தான். இப்போது கடையில் பால் டின் என்று கேட்டு வாங்கும் பலவற்றின் உறையைப் படித்துப் பாருங்கள்; 'கிரிமர்' என்றே அச்சிட்டிருக்கும். சீனியும் செம்பனை எண்ணெயும் மிகுந்து, பால் குறைந்த பொருள் அது. கோப்பிக்கு ஊற்றலாம். பிள்ளைக்குப் பாலென்று கலக்கிக் கொடுப்பதற்கு உரியதன்று. ஆனால் சில வீடுகளில் அதைத்தான் புட்டியில் ஊற்றிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். ஆதலால் அத்தகைய டின்களைப் பொட்டலத்தில் வைப்பதை நிறுத்திவிட்டு, வந்தவற்றைச் சமையற்கூடத் தேநீருக்கு அனுப்பிவிடுகிறோம். அன்பர்கள் அதற்குப் பதிலாகப் பால்மாவோ பருப்போ வாங்கித் தந்தால் நலம்.

முட்டை வைக்கலாமா கூடாதா என்பதில் எழுந்த வாதம் இன்னும் பெரியது. அறநிலையப் பெயரால் போகும் பொருளில் முட்டையும் நெத்திலியும் இருக்கக் கூடாது என்று சிலர் உறுதியாக நின்றார்கள். வளரும் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் நல்ல புரதம் முட்டைதான் என்று, எங்களோடு வரும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அதே உறுதியோடு சொன்னார். இரண்டு பேர் சொல்வதிலும் பொருளுண்டு என்பதால் எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் ஏற்பட்ட ஒழுங்கு இதுதான்: கோயில் அன்பர்கள் கொடுக்கும் பணத்தில் பருப்பு, பயறு, பால்மாவு, சோயா ஆகியவற்றை மட்டும் வாங்குகிறோம். முட்டைக்கென்று தனியே கொடுக்க முன்வந்தவர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வேண்டும் என்று சொன்ன வீடுகளுக்கு மட்டும் 30 முட்டை கொண்ட ஒரு தட்டைத் தனிப் பையில் கொடுக்கிறோம். புரட்டாசியில் பல வீடுகள் வேண்டாம் என்றுவிடும். அந்த மாதம் பயறு கூடுதலாகப் போகும். இந்த ஏற்பாட்டை எல்லாரும் மனமார ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். பொட்டலம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

அன்பர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். காலாவதியான டின், வண்டு விழுந்த மாவு, பாதி பயன்படுத்திய மசாலாப் பொட்டலம் ஆகியவற்றைத் தரம் பிரிப்பதற்கே மூன்று பேர் வேண்டியிருக்கிறது. நாம் நம் வீட்டு மேசையில் வைக்கத் தயங்கும் பொருளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. குப்பை வண்டிக்குத்தான் அது போகிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிகள் மூடின. பள்ளி உணவும் நின்றது. அன்றாடக் கூலிக்குப் போன தந்தையர் வீட்டில் உட்கார்ந்தனர். பள்ளி உணவு ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய தாங்கலாக இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கே முழுமையாக விளங்கியது. அடுத்த ஆண்டு 2021இல், உதவி வேண்டுவோர் வீட்டு முன்பு வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் நாடெங்கும் பரவியபோது, நான் கடிதம் சுமந்து ஏறிய அதே மாடிகளில் தலையணை உறையும் பழைய வேட்டியும் கொடியாகத் தொங்கின. எங்கள் பட்டியலில் இருந்த வீடுகள் கொடி கட்டவில்லை. ஆனால் அவற்றின் பக்கத்து வீடுகள் கட்டியிருந்தன. பல மாதங்களாக அந்தக் கதவுகளைக் கடந்துதான் நாங்கள் போய்வந்திருக்கிறோம். அதன் பிறகு, ஒரு மாடிக்குப் போனால் பொட்டலம் வாங்கும் தாயிடம், "இந்த வரிசையில் வேறு யாருக்கும் தேவையிருக்கிறதா, அம்மா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். தங்களுக்கே போதாத நிலையிலும் அவர்கள் அடுத்த வீட்டைக் காட்டத் தயங்கியதே இல்லை. அது மலாய்க்காரர் வீடாகவும் சீனர் வீடாகவும் இருந்ததுண்டு. அந்த வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு பள்ளிக்குப் போகிற பிள்ளைதானே.

படம் எடுப்பது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. வேறோர் இடத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், உதவி பெறும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, கையில் மூட்டையைக் கொடுத்து, பின்னால் பதாகையைப் பிடித்துப் படமெடுத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் அடுத்த வாரம் முழுவதும் பள்ளிக்கு வரவில்லை என்று அவனுடைய ஆசிரியர் சொல்லக் கேட்டேன். எங்கள் குழுவில் பிள்ளையின் கையில் பொட்டலம் கொடுப்பதே இல்லை. பள்ளி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு பெற்றோர் வந்து வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். பையில் பெயரோ சின்னமோ இருக்காது. மளிகைக் கடைப் பை போலத்தான் இருக்கும். நன்கொடையாளர்களுக்குச் சான்று வேண்டும் என்பதை நான் அறிவேன். அதற்காக அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையையும், கடை இரசீதுகளையும் படமெடுத்து அனுப்புகிறோம். முகம் வேண்டும் என்று வற்புறுத்திய ஒருவரின் தொகையை நாங்கள் பணிவோடு திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

அரசாங்கம் வழங்கும் ரொக்க உதவியும், அடையாள அட்டை வழியாக அத்தியாவசியப் பொருள் வாங்கும் உதவியும் இருக்கின்றன. அவற்றுக்குத் தகுதியுள்ள வீடுகளில் பலர் பதிந்துகொள்ளாமலே இருக்கிறார்கள். கைப்பேசியில் படிவம் நிரப்பத் தெரியாமை, முகவரி மாறியது, கணவர் பிரிந்துபோனது என்று காரணங்கள் பல. இளைய தொண்டர்கள் பொட்டலம் கொடுக்கப் போகும்போதே உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார்கள். மாதாமாதம் நாங்கள் சுமக்கும் மூட்டையைவிட இது சில வீடுகளுக்கு அதிகப் பயன் தந்திருக்கிறது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத வீடுகளின் நிலைதான் கடினம். எந்த உதவிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறாது. அவர்களிடம் நாங்கள் அரிசிக்குப் பத்திரம் கேட்பதில்லை. பத்திரம் எடுப்பதற்குத் துணையாகப் பதிவிலாகாவுக்குக் கூடவே போக ஆள் அனுப்புகிறோம். ஒரு தடவையில் முடிகிற காரியமன்று அது.

கணக்கைப் பற்றிக் கேட்கும் உரிமை கொடுப்பவர்க்கு உண்டு. குழுவினர் எவருடைய கடையிலும் பொருள் வாங்குவதில்லை என்பது எங்கள் முதல் விதி. இருவர் கையெழுத்தில்லாமல் பணம் வெளியே போவதில்லை. வேன் எண்ணெயும் டோலும் அவரவர் செலவு. நன்கொடைக்கு வருமானவரி விலக்கு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். 1967ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பின் இரசீதுக்கே அது செல்லும். எங்களைப் போன்ற சிறு குழுக்கள் பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் இருப்பதில்லை. ஆகவே எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

பணத்தைக் காட்டிலும் எங்களுக்கு இப்போது தட்டுப்பாடாக இருப்பது ஆள்தான். குழுவில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மின்தூக்கி பழுதான புளோக்கில் 10 கிலோ மூட்டையோடு ஐந்து மாடி ஏற எங்கள் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. இளைஞர்கள் முதல் மாதம் ஆர்வத்தோடு கூட்டமாக வருகிறார்கள். நான்காம் மாதம் இருவர் நிற்பார்கள். அந்த இருவர் போதும், நின்றால். பொட்டலம் கட்டும் இடத்தில் இப்போது எடைத் தராசைப் பிடித்திருப்பவர் முன்பு எங்களிடம் அரிசி வாங்கிய தாய் ஒருவர். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் தாமாகவே வந்து சேர்ந்தார். ஒரு கிலோ பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தாலும் அவர் விடமாட்டார். நானே இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

வர விரும்பும் அன்பர்கள் மூன்றாம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும். கத்தரிக்கோல், தண்ணீர்ப் புட்டி, வழுக்காத காலணி கொண்டுவரவும். முதல் மூன்று மாதம் தரம் பிரிப்பதும் எடை போடுவதுமே வேலை. வீடுகளுக்குப் போவது அதன் பிறகுதான். பத்தரை மணிக்கு வேன் கிளம்பிவிடும்.